கிழமைக்கு மூன்று நாள்: முதியோர் இல்லத்துக்கும் டயலிசிஸ் பிரிவுக்கும் இடையில்

சிறுநீரகங்கள் செயலிழந்த ஒருவருக்கு ஒன்ராறியோவில் டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பு ஓஹிப் அட்டையின் கீழ் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட முதியவருக்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைக்கின்றது. இரண்டும் தனித்தனியே ஓரளவு ஒழுங்காகவே நடக்கின்றன. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் வேண்டிவரும்போதுதான் சிக்கல். இல்லத்தில் உள்ளவர்களுக்கு டயலிசிஸ் பிரிவில் நடப்பது தெரியாது. டயலிசிஸ் பிரிவினருக்கு இல்லத்தில் நேற்றிரவு என்ன சாப்பாடு கொடுத்தார்கள், எந்தக் குளிசையை நிறுத்தினார்கள் என்பது தெரியாது. நடுவே வாகனத்தில் போய் வருகின்ற அம்மாவுக்கோ ஆங்கிலம் தெரியாது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த எமது பெற்றார் பலர் இன்று எண்பது வயதைத் தாண்டி நிற்கின்றனர். எம்மவரிடையே நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் இவை இரண்டுக்கும்தான். ஆகவே இது ஏதோ ஒரு சில குடும்பங்களின் பிரச்சினை அல்ல. புதிதாக வந்து இப்போதுதான் வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அலைந்து கொண்டிருப்பவர்களுக்கும் என்றோ ஒருநாள் இது வாசலில் வந்து நிற்கலாம். அப்போது ஓடித்திரிவதைவிட இப்போதே சில விடயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "பெற்ற தாயைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு எமது சமூகத்தில் இன்னும் ஓயவில்லை. இரண்டு வேலை செய்யும் மகனும், இரவு வேலைக்குப் போகும் மருமகளும், நாலாம் மாடியில் ஒரு அபார்ட்மென்ற்றும் உள்ள வீட்டில், தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டிய ஒருவரைக் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸுக்குக் கொண்டுபோய் வருவது என்ன வேலை என்று அப்படிப் பேசுபவர்கள் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஒரு நாள் எப்படிப் போகின்றது

வைத்தியசாலை அல்லது அதன் கிளை நிலையத்தில் செய்யப்படும் டயலிசிஸ் வழமையாகக் கிழமைக்கு மூன்று தரம். திங்கள், புதன், வெள்ளி ஒரு பிரிவு. செவ்வாய், வியாழன், சனி மற்றப் பிரிவு. ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். வாகனத்துக்குக் காத்திருப்பது, போவது, நிறை பார்ப்பது, ஊசி ஏற்றுவது, கழற்றியபின் இரத்தம் நிற்கும்வரை பொறுத்திருப்பது, திரும்ப வாகனத்துக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். வந்து சேர்ந்தால் களைப்பு. சிலர் அப்படியே படுத்து அடுத்த நாள்தான் எழும்புவார்கள்.

இதற்குள் இல்லத்தின் நேர அட்டவணை தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். காலைச் சாப்பாடு எட்டரை மணிக்கு. வாகனம் ஆறரைக்கு வந்துவிடும். மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கு. அம்மா திரும்பி வருவது இரண்டு மணிக்கு. குளிப்பாட்டும் நாள் புதன், அன்றுதான் டயலிசிஸ். உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் வருவது வெள்ளி; அன்றும் அம்மா இல்லை. இவை ஒன்றும் எவருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பவை அல்ல. அட்டவணை போட்டவர் டயலிசிஸை நினைத்துப் போடவில்லை, அவ்வளவுதான். ஆனால் நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் ஒருவருக்குக் காலைச் சாப்பாடு தவறி, ஊசி மட்டும் தவறாமல் போடப்பட்டால் இயந்திரத்தில் இருக்கும்போதே சீனி இறங்கி மயங்கலாம். இதைச் சின்ன விடயம் என்று விடமுடியாது.

இல்லத்தில் சேர்த்து ஆறு கிழமைக்குள் பராமரிப்புக் கூட்டம் ஒன்று நடத்தப்பட வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடத்த வேண்டும். அதில் குடும்பத்தவருக்கும் இடம் உண்டு. எம்மவர் பலர் இதற்குப் போவதில்லை. போனாலும் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள். போங்கள். டயலிசிஸ் நாளில் முற்கூட்டிக் காலைச் சாப்பாடு, கையில் கொண்டுபோக ஒரு சான்ட்விச், திரும்பி வந்ததும் சூடாக்கிக் கொடுக்க மதியச் சாப்பாடு, குளிப்பது மற்ற நாட்களில் என்பவற்றைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொல்வது அந்த நேரத்துத் தாதியோடு போய்விடும். எழுதினால் அடுத்த நேரத்துக்கு வருபவரும் பார்ப்பார்.

குளிசைகள்

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. டயலிசிஸ் செய்பவர்களுக்குப் பொஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கல்சியம் கார்பனேற் போன்ற குளிசைகள் கொடுக்கப்படும். அவை சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இல்லத்தில் குளிசை வண்டி ஒன்பது மணிக்கு வந்து, சாப்பாடு எட்டு மணிக்கே முடிந்திருந்தால் அந்தக் குளிசையைக் கொடுத்தும் பெரிய பயன் இல்லை. அதேபோல் இரத்த அழுத்தக் குளிசை: இயந்திரம் உடம்பிலிருந்து நீரை எடுக்கும்போது அழுத்தம் தானாகவே இறங்கும் என்பதால், சிலருக்கு அன்று காலையில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்வதுண்டு. சில மருந்துகளை இயந்திரம் கழுவி எடுத்துவிடும். அவற்றை டயலிசிஸ் முடிந்தபின்தான் கொடுக்க வேண்டும். எதை முன், எதைப் பின் என்ற பட்டியலைச் சிறுநீரக வைத்தியரிடமிருந்து எழுத்தில் வாங்கி இல்லத்தின் தாதிப் பொறுப்பாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். நீங்களாக ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மலச்சிக்கல் முதியோர் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்கென்று பல இல்லங்களில் பொதுவான ஒழுங்கு ஒன்று இருக்கும்: மூன்று நாள் வயிற்றால் போகாவிட்டால் இன்ன மருந்து. அந்த மருந்து மில்க் ஒஃப் மக்னீசியாவாக இருந்தால் சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடம்பில் மக்னீசியம் தங்கிவிடும். பொஸ்பேற் கலந்த எனிமாவும் அப்படியே கெடுதி. மற்ற முதியவருக்குப் பாதகமில்லாத ஒன்று இவருக்கு நஞ்சாகலாம். மூட்டு நோவுக்கு நாம் பிளாஸாவில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் அட்வில் போன்றவையும் இந்த வகையே. நாட்டு மருந்துச் சூரணம், லேகியம் என்று கைப்பையில் ஒளித்துக் கொண்டுபோவதையும் விட்டுவிடுவது நல்லது.

கையும் கழுத்தும்

இயந்திரத்தோடு இணைப்பதற்காகச் சிலருக்குக் கையில் சத்திரசிகிச்சை செய்து நாடியையும் நாளத்தையும் பொருத்தியிருப்பார்கள். இதனை ஃபிஸ்துலா என்பர். அந்தக் கைதான் அவருடைய உயிர்க்கயிறு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான காப்பு போடக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. இல்லத்தில் தாதிகள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வந்தவர் எந்தக் கை கிட்ட இருக்கிறதோ அதில் பட்டியைச் சுற்றிவிடுவார். கட்டிலின் தலைப்பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் "இடது கை வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது இல்லாமற் போனால் அடுத்த டயலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே அறிவிக்க வேண்டும். இரத்தம் பீறிட்டால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு 911 அழைக்க வேண்டும்.

வேறு சிலருக்குக் கழுத்தின் கீழ் நெஞ்சில் குழாய் போட்டிருக்கும். அந்த இடம் நனையக் கூடாது. குளிர்க்காய்ச்சல் நடுக்கம் வந்தால் வெறும் தடிமன் என்று இருக்காதீர்கள். குழாய் வழியே கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம்.

சாப்பாட்டில் நாம் செய்யும் அன்பு

ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவுக்கு ஏதாவது சமைத்துக் கொண்டுபோகாமல் எம்மால் இருக்க முடியாது. இல்லத்துச் சாப்பாடு அவர்களுக்கு வாயில் வைக்கப் பிடிக்காது என்பதும் உண்மை. ஆனால் இளநீர், வாழைப்பழம், தோடம்பழச் சாறு, தக்காளி, உருளைக்கிழங்கு, முருங்கை இலை, பலாப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் கூடினால் இதயம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிற்கலாம். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளரின் மூளையையே தாக்கும்; அதை ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது. உப்புக் குறைவு என்று கடையில் விற்கும் மாற்று உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருப்பதைப் பலர் அறியார். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் தாகத்தைக் கிளப்பும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பார். குடித்த தண்ணீர் எல்லாம் நுரையீரலில் போய் நிற்கும். ரசம், கஞ்சி, கூழ், தேநீர் எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

இது எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்பதல்ல. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி நிறைய நீரில் அவித்து அந்த நீரை ஊற்றிவிட்டுக் கறி வைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். மீனும் முட்டை வெள்ளையும் உண்மையில் தேவை. டயலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூட வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். டயலிசிஸ் பிரிவில் உணவு ஆலோசகர் இருப்பார். அவரிடம் எங்கள் சாப்பாட்டின் பெயர்களைச் சொல்லி, முடிந்தால் சமைத்ததையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். இல்லத்துச் சமையலறைக்கும் அவர் எழுதித் தரும் பட்டியல் போய்ச் சேர வேண்டும். டயலிசிஸ் பிரிவு "பொட்டாசியம் குறைக்க" என்று எழுதியிருக்க, இல்லத்தில் காலையில் தோடம்பழச் சாறும் வாழைப்பழமும் தட்டில் வைக்கப்பட்டால் வியப்பதற்கில்லை.

கொப்பி

இரு பக்கத்தையும் இணைக்க நாம் செய்யக்கூடியவற்றுள் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் ஒரு கொப்பி. டொலர் கடையில் வாங்கிய ஒரு கொப்பி போதும். அம்மாவின் சக்கர நாற்காலிப் பையில் அது எப்போதும் போய் வர வேண்டும். போகும்போது இல்லத்துத் தாதி எழுதுவது: காலையில் சாப்பிட்டாரா, சீனி அளவு என்ன, புதிய மருந்து உண்டா, விழுந்தாரா, காய்ச்சலா. வரும்போது டயலிசிஸ் தாதி எழுதுவது: முன் நிறை, பின் நிறை, இரத்த அழுத்தம், அங்கே கொடுத்த மருந்து, இரத்தச் சோதனையில் மாற்றம், அடுத்த நாள் நேரம். சில இடங்களில் இதற்கென்று படிவம் உண்டு. இருந்தாலும் கொப்பியைக் கைவிடாதீர்கள். படிவம் கோப்புக்குள் போய்விடும், கொப்பி உங்கள் கண்ணில் படும்.

கொப்பியின் முதற் பக்கத்தில் குடும்பத்தில் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாக அழைத்துப் பேசினால் தாதிகள் எவரையும் கேட்கமாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள்: தலை சுத்துது, நெஞ்சு நோகுது, மூச்சு எடுக்க ஏலாது, கை நோகுது, குளிருது, பிரட்டுது, ஒண்டுக்குப் போகவேணும். தாதி விரலை வைத்துக் காட்ட, அம்மா தலையசைத்தால் போதும். நான்கு மணித்தியாலம் பாஷை தெரியாத கதிரையில் இருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்பதை நாம் யோசிப்பதில்லை. மறதி நோய் உள்ளவர் என்றால் ஊசியைப் பிடுங்கிவிடவும் கூடும். முதற் சில கிழமைகளாவது குடும்பத்தில் ஒருவர் மாறி மாறிப் பக்கத்தில் இருப்பது நல்லது. வைத்தியர் முக்கியமாகப் பேச வரும் நாளில் வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

இல்லத்தைத் தெரிவு செய்யும் முன்

இல்லத்துக்கான விண்ணப்பம் ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்ற அமைப்பின் ஊடாகப் போகும். 2024 யூன் மாதத்திலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. பழையவர்கள் இன்னும் சி.சி.ஏ.சி. என்றுதான் சொல்வார்கள். ஐந்து இல்லங்கள் வரை பெயர் கொடுக்கலாம். தமிழ் பேசும் வேலையாட்கள் உள்ள இல்லம், மகள் வீட்டுக்குக் கிட்ட உள்ள இல்லம் என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். டயலிசிஸ் உள்ளவருக்கு அதற்கு முன் பார்க்க வேண்டியது டயலிசிஸ் பிரிவுக்கு எவ்வளவு தூரம் என்பது. பனிக்காலத்தில் ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலம் என்றால் கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வாகனத்திலேயே போகும். இல்லத்தில் போதிய வசதியோ தகுந்த தாதிமாரோ இல்லை என்றால் அவர்கள் ஒருவரை ஏற்க மறுக்கவும் சட்டம் இடம் தருகின்றது; ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி இல்லத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு விடயம் உண்டு. 2022இல் வந்த சட்டத்தின்படி, தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை தூரத்தில் உள்ள, நீங்கள் கேட்காத ஒரு இல்லத்துக்கும் பெயர் கொடுக்கப்படலாம். இடம் கிடைத்தபின் போக மறுத்து வைத்தியசாலையில் இருந்தால் நாளுக்கு 400 டொலர் அறவிடலாம். ஆகவே டயலிசிஸ் எங்கே, எந்த நாட்களில், யார் கொண்டுபோவது என்பதை வைத்தியசாலைச் சமூக சேவையாளரிடம் ஆரம்பத்திலேயே பதிவு செய்யுங்கள். தூரத்து இல்லம் ஒன்று பேசப்பட்டால், "அங்கிருந்து டயலிசிஸுக்குப் போகும் ஒழுங்கு என்ன?" என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். இல்லத்தில் சேர்ந்தபின் வருத்தம் கூடி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் கட்டில் 30 நாள் வரைதான் வைத்திருக்கப்படும் என்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வயிற்று வழியே செய்யும் டயலிசிஸும் ஒன்று உண்டு. திரவப் பையை வயிற்றுக்குள் விட்டு எடுக்கும் இந்த முறையை அன்றாடம் செய்யக்கூடியதாக வளர்த்ததில் ரொறன்ரோ வெஸ்ரேர்ண் வைத்தியசாலையின் வைத்தியர் டிமிட்ரியோஸ் ஒரியோபூலஸுக்குப் பெரும் பங்குண்டு. எழுபதுகளின் கடைசியில் இதே நகரத்தில் நடந்த வேலை அது. அதற்குத் தாதிமார் பயிற்சி பெற்ற இல்லம் கிடைத்தால் கிழமைக்கு மூன்று நாள் அலைச்சலே இல்லை. எல்லோருக்கும் பொருந்தாது, வைத்தியரிடம் கேட்கவாவது வேண்டும்.

கேட்கக் கூசும் கேள்வி

எழுதத்தான் வேண்டும். 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லங்களில் இருந்தபடி டயலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் 58 வீதமானோர் இறந்துவிட்டனர். தொடங்கும் முன் இருந்த அளவு நடமாட்டத்தோடு ஓராண்டின் பின்னும் இருந்தவர்கள் 13 வீதத்தினர் மட்டுமே. டயலிசிஸ் வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. நன்றாக இருந்து பேரப்பிள்ளையின் திருமணம் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் "இயந்திரம் போட்டால் அம்மா எழும்பி நடப்பா" என்ற எண்ணத்தோடு முடிவெடுக்கக் கூடாது. இயந்திரம் இல்லாமல் மூச்சு, வீக்கம், அரிப்பு, நோ ஆகியவற்றைத் தணித்துப் பார்க்கும் வழியும் ஒன்று உண்டு. அதையும் விளக்கும்படி கேட்பது பாவமல்ல. சில மாதம் செய்து பார்த்துவிட்டு மீண்டும் பேசுவோம் என்றும் கேட்கலாம். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவவிடம்தான் முதலில் கேட்க வேண்டும். முடிவு அவவுடையது.

நினைவு தப்பியபின் யார் முடிவெடுப்பது? கணவன் அல்லது மனைவி இல்லையென்றால், ஒன்ராறியோச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோரும் சம உரிமை உள்ளவர்கள். ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸில். ஒருவர் நிறுத்தச் சொல்ல, மற்றவர் தொடரச் சொல்ல, ஒத்துவராமல் போனால் முடிவு அரச பொதுக் காப்பாளரின் கைக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க, பெற்றார் தெளிவாக இருக்கும்போதே சுகாதார விடயங்களுக்கான அதிகாரப் பத்திரம் எழுதி ஒருவரை நியமிக்கலாம். படிவம் அரசாங்கத்திடம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு சாட்சிகள் வேண்டும். நியமிக்கப்படுபவரோ, அவரது துணையோ, எழுதுபவரின் துணையோ பிள்ளையோ சாட்சியாக நிற்க முடியாது. கோயிலில் கண்ட நண்பர் இருவர் போதும்.

பனியும் பெருநாளும்

ரொறன்ரோவுக்குள் வீல்-ட்ரான்ஸ் வாகனத்தை நிரந்தரப் பயணமாகப் பதிவு செய்யலாம். ஆனால் நத்தார், புதுவருடக் கிழமைகளில் டயலிசிஸ் நாட்கள் பெரும்பாலும் மாற்றப்படும். பிரிவில் தாள் ஒன்று கொடுப்பார்கள். அது அம்மாவின் பைக்குள் மடிந்து கிடக்கும். வாகனம் பழைய நாளுக்கே வரும். மார்கழி முதற் கிழமையிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி இல்லத்துக்கும் வாகனப் பதிவுக்கும் நீங்களே அறிவித்துவிடுங்கள்.

2022 சனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவில் பெரும் பனிப்புயல். நூற்றுக்கணக்கான பஸ்கள் வீதிகளில் சிக்கின. அன்று திங்கட்கிழமை. திங்கள், புதன், வெள்ளிக் காரருக்கு வெள்ளியோடு முடிந்த டயலிசிஸின் பின் இரண்டு நாள் இடைவெளி கழிந்த நாள் அது. அந்த நீண்ட இடைவெளியின் மறுநாள்தான் மரணமும் வைத்தியசாலை அனுமதியும் கூடுதல் என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே புயல் அறிவித்தல் கேட்டதும் ஒரு நாள் முன்னதாகச் செய்ய முடியுமா என்று பிரிவை அழைத்துக் கேளுங்கள். முடியாவிட்டால் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் வழமையைவிட இறுக்கமாகக் குறைக்கும் அவசர உணவுத் திட்டம் ஒன்று உண்டு. அதை முன்கூட்டியே வாங்கி இல்லத்துச் சமையலறையில் கொடுத்து வைக்கலாம்.

இல்லத்தில் இடம் பற்றி விசாரிக்க ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம்: 310-2222. இல்லத்தின் பராமரிப்புப் பற்றி மாகாண அமைச்சில் முறையிட: 1-866-434-0144. முறையிடும்போது கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திகதியையும் நேரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.